தொழில்முறை வேலைகளுக்கான 2013 மேக் ப்ரோ கணினிக்குப் பதில் புதிதாக ஒன்றைக் கொண்டுவர ஆப்பிளுக்கு ஏன் ஆறு வருடம் ஆனது?

முக்கியக் காரணம் அதன் வடிவம். அந்தக் கறுப்பு உருளைக்குள் முக்கோணமாக ஒரே ஒரு வெப்பக்கடத்தி. ஒரு பக்கம் ப்ராசஸர், மற்ற இரண்டு பக்கங்களிலும் தலா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, மேலே ஒரே ஃபேன். இரண்டு சிறிய கார்டுகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று ஆப்பிள் கணக்குப் போட்டது. கணினித் துறையோ அதிகம் சூடாகும் ஒற்றைப் பெரிய கார்டின் பக்கம் போனது. அதை இந்த உருளைக்குள் வைக்க வழியே இல்லை.

பயனர்களின் கோபம் முழுக்க நியாயம். முந்தைய மேக் ப்ரோவான டவரில் (நிமிர்ந்து நிற்கும் பெட்டி) பக்கவாட்டு மூடியைக் கழற்றி கார்டை நாமே மாற்றலாம், நாலு ஹார்ட் டிஸ்க் செருகலாம். உருளையில் கூடுதல் டிஸ்க் எல்லாம் கேபிளோடு மேசைமேல்தான்.

2017 ஏப்ரலில்தான் சில பத்திரிகையாளர்களை அழைத்து ஆப்பிள் தவறை ஒப்புக்கொண்டது. கார்டுகளைச் செருகும் ஸ்லாட்டுகளோடு புதிய டவர் விற்பனைக்கு வந்தது 2019 டிசம்பரில், அதுவும் 5,999 டாலரில் தொடங்கி.

தாமதத்தைக்கூட மன்னிக்கலாம், அந்த மௌனத்தை முடியாது. ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால், எடிட்டிங் ஸ்டூடியோ நடத்துபவர்கள் வாங்கவும் முடியாமல் காத்திருக்கவும் முடியாமல் அப்படித் தவித்திருக்க மாட்டார்கள்.