"அம்மாயியைப் பரலோகத்துல பார்த்தேன்" என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. நிமோனியா முற்றி, கோவையில் ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள். ஆண்டவர் கிருபையால் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகு, "அம்மாயியப் பார்த்தேன், இயேசப்பாகூட இருந்தாங்க, அங்க ஊசியே இல்ல" என்கிறான். என் அம்மா போன வருடம்தான் தவறினார். ஒரம்பரையெல்லாம் (சொந்தக்காரர்கள்) வந்து வந்து அவனையே கேட்கிறார்கள். சித்தி வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். வருகிற ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து சாட்சி சொல்ல வைக்க வேண்டுமாம். இது தரிசனமா, மருந்து மயக்கமா? சாட்சி சொல்ல விடலாமா?
— நம்பியூர் வாசகி

பதில்: சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். வேண்டாம். இந்த ஞாயிறும் வேண்டாம், அடுத்த ஞாயிறும் வேண்டாம். பையன் பொய் சொல்கிறான் என்பதால் அல்ல. அவன் சொன்னது கடைசிவரை அவனுடைய வார்த்தையாகவே இருக்க வேண்டும் என்பதால்.

ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் 12 வயது மகளை இயேசு உயிரோடு எழுப்பிய இடத்தை வாசித்துப் பாருங்கள். அவர் சொன்னவை இரண்டு: பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள், நடந்ததை யாருக்கும் சொல்லாதீர்கள். "அங்கே என்னம்மா பார்த்தாய்?" என்று அவளை யாரும் கேட்டதாக சுவிசேஷத்தில் இல்லை. நான்கு நாள் கல்லறையில் கிடந்து, இயேசு எழுப்பிய லாசருவும் அங்கே கண்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக எழுதப்படவில்லை. பரதீசுக்கு எடுக்கப்பட்ட அனுபவத்தைப் அப்போஸ்தலர் பவுல் எழுதும்போது "பதினாலு வருஷத்திற்கு முன்னே" என்கிறார்; அத்தனை வருஷம் கழித்துத்தான் எழுதுகிறார். கேட்டவற்றை வெளியே சொல்லவும் இல்லை. போர்ச்சுகலின் பாத்திமாவில் 1917-ல் 10, 9, 7 வயதுப் பிள்ளைகள் மூவர் கண்ட மாதா காட்சிகளை விசாரித்து ஏற்க, கத்தோலிக்க ஆயர் 1930 வரை எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் ஒரு வாரம்கூடப் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்.

தரிசனமா, மயக்கமா என்பதை இங்கிருந்து யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. ஒன்று செய்யுங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போய், மயக்கத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கீட்டமின் போன்ற மருந்துகள் தெளிவான, நிறம் நிறமான கனவுகளைக் கொண்டுவரும். கடும் காய்ச்சலும் ஆக்சிஜன் குறைவும் இல்லாததைக் காட்டும். மயக்கத்தில் கிடக்கிற பிள்ளைக்குக் காதும் கேட்கலாம். கட்டிலருகே நின்று "எங்கம்மாதான் காப்பாத்தணும்" என்று நீங்கள் அழுதது அவன் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் மருந்தின் பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக, அந்த நேரத்தில் தேவன் அவனோடு இல்லை என்று ஆகிவிடாது. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

எங்களுக்குப் பெரிய கவலை அந்த ஒரம்பரையின் கேள்விகள்தான். "இயேசப்பா வெள்ளை அங்கி போட்டிருந்தாரா? ரெக்கை வெச்ச தேவதூதர் இருந்தாங்களா? அம்மாயி சிரிச்சாங்களா?" என்று கேட்டால், 6 வயதுப் பிள்ளை ஆமாம் என்றுதான் சொல்லும், பெரியவர்களைச் சந்தோஷப்படுத்த. நாலாவது தடவை கேட்கும்போது அங்கியும் ரெக்கையும் அவனுக்கே ஞாபகமாக நின்றுவிடும். அமெரிக்காவில் 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளி சேரும் முன்வயதுப் பிள்ளைகளிடம் நடக்காத ஒன்றை, எலிப்பொறியில் விரல் மாட்டிக்கொண்டது போன்றதை, வாராவாரம் யோசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சுமார் 10 வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அப்படி ஒன்றையாவது நடந்ததாக விவரித்தார்கள்.

ஆகவே இன்றே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், யார் கூட இருந்தார்கள், அவன் அப்படியே சொன்ன வார்த்தைகள், அதற்கு முன் யாராவது ஏதாவது கேட்டார்களா என்பது மட்டும். "ஊசியே இல்ல" என்றால் "ஊசியே இல்ல" என்றே எழுதுங்கள்; "வேதனை இல்லாத இடம்" என்று மாற்றாதீர்கள். அவனாகப் பேச்சை எடுத்தால் "அப்புறம் கண்ணு?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் வரைந்தால் "இது இயேசப்பாவா?" என்று கேட்க வேண்டாம், "இதப் பத்திச் சொல்லு கண்ணு" போதும். போதகர் கேட்க விரும்பினால் ஒரே ஒரு தடவை, உங்கள் மடியில் வைத்து.

ஒன்றை மட்டும் நீங்களே நேராகக் கேளுங்கள்: "அம்மாயிகிட்டத் திரும்பப் போகணும்னு தோணுதா?" பரலோகம் அவ்வளவு நல்ல இடம் என்று பத்துப் பேர் கூடிப் பாராட்டினால், ஓடிப்போய் வந்துவிடலாம் என்று நினைக்கிற வயது இது. போகணும் என்றால் திட்டாமல், "ஆண்டவர் உன்னை எங்ககிட்டத் திருப்பிக் கொடுத்துட்டார், நீ இங்கதான் இருக்கணும்" என்று சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், உங்களைவிட்டு நகராமை ஆகியவை ஐ.சி.யு.விலிருந்து வந்த பிள்ளைக்கு வரக்கூடியவைதான். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தி, வாய் மென்று, கூப்பிட்டால் பதில் வராமல் போனால் காத்திருக்காதீர்கள், அது வலிப்பாக இருக்கலாம்.

மேடை ஏறிய பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2004-ல் கார் விபத்தில் சிக்கிய ஓர் அமெரிக்கச் சிறுவன் பரலோகம் போய் வந்ததாகப் புத்தகம் வந்து, லட்சக்கணக்கில் விற்றது. 2015-ல் அவனே, தான் போகவில்லை, கவனம் கிடைக்கும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதினான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அதைச் சொல்லும்போது அவன் வளர்ந்த பையன். அந்தப் பாரத்தை 6 வயதில் அவன் தலையில் ஏற்றியவர்கள் பெரியவர்கள்.

சித்தியிடம் கோபித்துக்கொள்ளாமல், குழுவில் போட்ட வீடியோவை அவரையே அழிக்கச் சொல்லுங்கள். யாருக்கெல்லாம் போயிற்று என்றும் கேட்டு, அவர்களிடமும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் நீங்களும் உங்கள் கணவரும் எழுந்து நின்று, பிள்ளையைப் பிழைக்க வைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். பையன் சண்டே ஸ்கூலில் மற்ற பிள்ளைகளோடு இருக்கட்டும்.