கரண்ட் போனால் வீடெல்லாம் தண்ணீர்

கேள்வி: மின்சாரம் போகும்போதெல்லாம் மீன் தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப் (தொட்டி நீரைச் சுத்தம் செய்து பம்ப் மூலம் மேலே அனுப்பும் தொட்டி) வழிந்து தரை நனைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பம்ப் நின்றதும், தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய் சைஃபனாக (பம்ப் இல்லாமலே நீரைக் கீழே இறக்கும் குழாயாக) மாறித் தொட்டி நீரைத் திருப்பி இழுக்கிறது, குழாயின் வாய் நீருக்கு வெளியே வரும்வரை அது நிற்காது. 100 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத் தொட்டியில் மட்டம் 5 செ.மீ. இறங்கினாலே 20 லிட்டர்! அதனால் குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள், அல்லது அந்த இடத்தில் குழாயில் சிறு துளை போடுங்கள், காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். துளையைப் பாசி அடைக்கும், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். ஒருவழி வால்வை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள், ஒரு சின்ன நத்தை சிக்கினாலே அது மூடாது. அப்புறம், பம்பை நீங்களே நிறுத்தி, இறங்கும் நீர் முழுவதும் சம்பில் அடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.