சூப்பர் பவுல் அன்று அமெரிக்கர்கள் நிஜமாகவே அவ்வளவு சாப்பிடுவார்களா?

கேள்வியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அமெரிக்கன் ஃபுட்பாலின் (நம் கால்பந்து அல்ல) இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடக்கும் ஞாயிறன்று அமெரிக்கர்கள் 145 கோடி கோழி இறக்கைகளைத் தின்று, 32.5 கோடி கேலன் பியர் குடிக்கிறார்களாம், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கைக் கணக்கை ஓரளவு நம்பலாம். பியர் கணக்கு சுத்தப் புருடா.

நான் பத்து வருடத்துக்கு மேலாகக் கேன்சஸ் சிட்டியை ஒட்டிய ஓவர்லாண்ட் பார்க்கில் இருக்கிறேன். ஊர் அணியான சீஃப்ஸ் 2020, 2023, 2024 என்று மூன்று தடவை கோப்பையைத் தூக்கியபோது இங்கேதான் இருந்தேன். அந்த ஆட்டம் எனக்கு இன்றைக்கும் பாதிதான் புரியும். சாப்பாடு முழுதாகப் புரியும். அந்தத் தகுதியில் இந்தப் பதில்.

பியரை முதலில் முடித்துவிடுவோம். 32.5 கோடி கேலன் என்றால் சுமார் 123 கோடி லிட்டர். 2024 ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 12 கோடிச் சொச்சம். ஆளுக்குப் பத்து லிட்டர் வருகிறது, நம் ஊர் 650 மில்லி பாட்டிலில் பதினைந்து. கைக்குழந்தை வரை நாட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டாலும் தலைக்கு மூன்றரை லிட்டருக்கு மேல். வருடம் முழுவதும் அமெரிக்காவில் விற்கும் பியரே 600 கோடி கேலனை ஒட்டித்தான் இருக்கும். அதில் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கை ஒரே சாயங்காலத்தில் குடித்துவிட்டார்கள் என்றால், திங்கட்கிழமை நாடே எழுந்திருக்காது. யாரோ எங்கோ எழுதியதை வருடா வருடம் நகலெடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இறக்கைக்கு வருவோம். 145 கோடி என்பது தேசிய கோழி கவுன்சில் என்ற வியாபாரிகள் சங்கம் 2024-க்குச் சொன்ன மதிப்பீடு. 2025-க்கு 147 கோடி என்றார்கள். கோழி விற்கிறவர்களே சொல்லும் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தலைக்கு நாலைந்து துண்டுதான் வருகிறது. சாப்பிடாதவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிடும் ஆட்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் நம்புகிறேன்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் வேறு. ஒரு கோழிக்கு இரண்டே இறக்கை. இங்கே ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 18 கோடிக் கோழி வெட்டுகிறார்கள். ஒவ்வொரு இறக்கையையும் வழக்கம்போல இரண்டு துண்டாக வெட்டி எண்ணினால்கூட, ஒரு நாள் கூத்துக்கு நாடு முழுவதும் இரண்டு வாரம் வெட்டிய கோழிகள் தேவை. அதனால்தான் மாதக்கணக்கில் முன்கூட்டியே உறைய வைத்துச் சேர்க்கிறார்கள். ஜனவரி ஆனால் விலையும் ஏறும். ஏறியதும் கடைகள் ‘எலும்பில்லா விங்ஸ்’ என்று தள்ளிவிடும். அது இறக்கையே இல்லை, நெஞ்சுக்கறியை வெட்டி மாவில் புரட்டிப் பொரித்தது. அதிலும் எலும்பு கிடந்தால்? 2024-ல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம், ‘எலும்பில்லா’ என்பது சமைக்கும் பாணியைச் சொல்வது, எலும்பே இருக்காது என்ற உத்தரவாதம் அல்ல என்று 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் இந்த இறக்கைக்கு மதிப்பே கிடையாது, சூப்புக்குப் போடுவார்கள். நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற கடையில் 1964-ல் தெரசா பெல்லிசிமோ அதைப் பொரித்து, வெண்ணெயும் மிளகாய் சாஸும் கலந்து புரட்டிக் கொடுத்ததிலிருந்து கதை மாறியது என்பார்கள். எங்கள் ஊர் பெருமையான ‘பர்ன்ட் எண்ட்ஸ்’ கதையும் அதேதான். புகையில் வெந்த மாட்டு நெஞ்சுக்கறியின் கருகிய ஓரங்கள். முன்பெல்லாம் கடையில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சும்மா கொடுத்தார்களாம். இப்போது கறியைவிட அதற்குத்தான் விலை அதிகம்.

சரி, ஏன் இவ்வளவு தின்கிறார்கள்? என் கணிப்பில் ஆட்டத்தின் அமைப்பே காரணம். கடிகாரத்தில் 60 நிமிட ஆட்டம். ஒளிபரப்பு மூன்றரை மணி நேரத்துக்கு மேல். பந்து உண்மையில் நகரும் நேரத்தைக் கூட்டினால் பதினோரு நிமிடம் போல வரும். மீதி நேரமெல்லாம் கூடிப் பேசுவது, நடுவர் திரையில் பார்ப்பது, விளம்பரம். சூப்பர் பவுலில் பாட்டுக் கச்சேரிக்காக இடைவேளை அரை மணி வரை நீளும். ஐந்து விநாடி ஓட்டம், அரை நிமிடம் நிற்றல் என்று போகும்போது கை எங்கே போகும்? சிப்ஸ் தட்டுக்குத்தான். கால்பந்தில் கண்ணை எடுத்தால் கோல் போய்விடும். இங்கே தட்டை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் ஆட்டக்காரர்கள் அதே கோட்டில்தான் நிற்பார்கள்.

இன்னொன்று, இதில் ‘சாப்பாடு’ என்று ஒன்று கிடையாது. யாரும் இலை போட்டு உட்காருவதில்லை. எங்கள் நேரப்படி ஐந்தரைக்கு ஆட்டம் என்றால் மூன்று மணிக்கே மேசை நிறைந்துவிடும். எல்லாமே ஒரு கையில் எடுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. ஏழு அடுக்கு டிப், உருகிய சீஸ், சின்ன சாசேஜ், கண்டிப்பாக அவகாடோவை மசித்துச் செய்யும் குவாக்கமோலே. அந்த அவகாடோவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பூச்சிக்குப் பயந்து மெக்சிகோ அவகாடோவை 1914-ல் தடை செய்து, 1997-ல்தான் உள்ளே விட ஆரம்பித்தார்கள். இப்போது அது இல்லாமல் பிப்ரவரி இல்லை. 2022-ல் மெக்சிகோவில் அவகாடோவைச் சோதிக்கும் பணியிலிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்கு மிரட்டல் வந்ததால், ஆட்டத்துக்கு முந்தைய நாள் இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, அந்த ஞாயிற்றுக்கான பழமெல்லாம் அதற்குள் கடைக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் தடையும் போனது.

மைதானத்துக்குப் போகிறவர்கள் கதை தனி. சீஃப்ஸின் சொந்த மைதானமான ஆரோஹெட்டில் ஆட்டம் என்றால், வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே அடுப்பு பற்ற வைத்துவிடுவார்கள். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கினால் அதுதான் மேசை. ‘டெய்ல்கேட்டிங்’ என்ற பெயரே அதிலிருந்து வந்தது. 2024 ஜனவரியில் மயாமி அணியுடன் அங்கே நடந்த ஆட்டத்தன்று மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். அன்றைக்கும் இறைச்சி வாட்டினார்கள். கையில் இருக்கும் பியர் உறைகிறது, அதையும் ஒரு கை பார்க்கிறார்கள்! நான் வீட்டில் கம்பளிக்குள். அப்புறம், அங்கே வெளியில் குடிப்பதுதான் அதிகம். உள்ளே பியர் விலை கையைக் கடிக்கும். அதோடு ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் மூன்றாவது முடிந்தால் விற்பனையை நிறுத்திவிடுவார்கள்.

நான் பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான் பார்ப்பேன். அவர் ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து புகை அடுப்பில் கறியை ஏற்றிவிடுவார். முதல் வருடம் வெறுங்கையோடு போகக் கூசி, பீட்சா வாங்கிப் போகலாம் என்று ஒரு கடையில் நாலு மணிக்குச் சொன்னேன். ஏழேகாலுக்கு வந்தது. வருடத்திலேயே பீட்சாக் கடைகளுக்கு வேலை மிகுந்த நாள்களில் அது ஒன்று என்று எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வருடத்திலிருந்து என் மனைவி சிக்கன் 65 செய்து கொடுத்துவிடுகிறாள், கறிவேப்பிலையோடு. விங்ஸ் தின்று பழகியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தடவை கறிவேப்பிலையை மட்டும் பொறுக்கித் தின்றவரைப் பார்த்தேன்.

நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று 2024-ல் எண்ணிப் பார்த்தேன், உங்களைப் போலவே இந்த 145 கோடியைப் படித்துவிட்டு. இடைவேளைக்குள் இறக்கை பதினொன்று. அப்புறம் ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது, 25-க்கு 22 என்று சீஃப்ஸ் ஜெயித்தார்கள். எண்ணிக்கை எங்கே விட்டேன் என்று நினைவில்லை. தட்டில் எலும்பு நிறைய இருந்தது. பியர் ஒன்றரை.