பின்னால் சிரிக்கும் பிள்ளை நலமா?

கேள்வி: லித்துவேனியாவின் கௌனஸ் நகரில் நான்காம் ஆண்டு மருத்துவம் படிக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் அருகில். எங்களுக்குப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தாலும், வார்டில் இருக்கும் நோயாளிகள் லித்துவேனிய மொழியில்தான் பேசுகிறார்கள். ஆகவே கவலை, பதற்றம், பயம் தொடர்பான ஆங்கிலச் சொற்களையும் அவற்றுக்கு நேரான லித்துவேனியச் சொற்களையும் பட்டியலிட்டு மனப்பாடம் செய்திருந்தேன். நோயாளியிடம் பேசிக் குறிப்பெழுதும் தேர்வில் ஒரு மூதாட்டி ‘ரூப்பெஸ்திஸ்’ என்ற சொல்லைச் சொன்னார். என் பட்டியலில் அதற்கு நேரே ‘வொர்ரி, ஆங்க்ஸைட்டி’ என்று இருந்ததால், பதற்ற நோய் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அவருடைய கணவர் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார், அவருக்கு யார் சோறு கொடுப்பது என்பதைத்தான் அவர் சொல்ல வந்திருக்கிறார். ஆசிரியர் என்னைத் தேர்ச்சி பெறவிடவில்லை. அடுத்த மாதம் மறுதேர்வு. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுவதால் அப்போதே எழுந்து படிக்கிறேன். இந்தச் சொற்களைக் குழப்பமில்லாமல் பிரித்தறிய வழி சொல்லுங்கள். (வீட்டில் தோல்வியைச் சொல்லவில்லை. அப்பா கல்விக் கடனுக்குக் கையெழுத்திட்டவர், அம்மாவுக்கு ரத்த அழுத்தம். புதிதாகப் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், முன்பு எப்போதோ பதிவு செய்த ‘நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன், தூங்கப் போறேன்’ என்ற ஏழு விநாடிக் குரல் பதிவையே இரவுதோறும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். போன வாரம் அம்மா, “பின்னால சிரிக்கிற பிள்ளை நல்லா இருக்காளா?” என்று கேட்டார். “இருக்காம்மா” என்றேன். அந்த அறைத்தோழி விடுதியை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது.)
— பெயர் வேண்டாம், கௌனஸ்

பதில்: சொற்களைக் கேட்டிருக்கிறீர்கள், தருகிறேன். அதற்கு முன்னால், அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவைத்த அந்த வரிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் தேர்வில் தோற்றதன் காரணம் உங்கள் பட்டியலைக் காட்டிலும் அந்த வரிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் அம்மா கேட்ட கேள்வியை நீங்கள் சாதாரணமான நலம் விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏழு விநாடிப் பதிவில் மகளின் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிக்கிறாள். அதே சிரிப்பு, அதே இடத்தில், அதே அளவில் ஒவ்வோர் இரவும் வருகிறது. அதைக் கவனித்த ஒரு தாய், “ஏன் பழைய பதிவையே அனுப்புகிறாய்?” என்று கேட்டு உங்களைக் கூனிக்குறுக வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நீங்களாகவே உண்மையைச் சொல்வதற்கு ஒரு வாசலைத் திறந்துவைத்து, சிரிக்கிற பிள்ளையின் நலம் கேட்டார். நீங்கள் அந்த வாசலைச் சாத்தினீர்கள். போதாக்குறைக்கு இல்லாத தோழியை இருப்பதாகவும் சொன்னீர்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன நடந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது. உண்மையைக் காட்டிலும் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது அதுதான் என்பதை நான்காம் ஆண்டு மருத்துவ மாணவிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, தேர்வறையில் நடந்ததைப் பாருங்கள். ஒரு மூதாட்டி ஒரு சொல்லைச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வீடும், கட்டிலும், பசியோடு காத்திருக்கும் கிழவரும் இருந்தார்கள். நீங்கள் சொல்லைப் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்து, எதிரே இருந்ததை எழுதிவிட்டு நிம்மதியடைந்தீர்கள். “என்ன கவலை?” என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மாத்திரை எழுத வேண்டிய நோய் இல்லை, மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கூப்பிட்டு அந்தக் கிழவருக்கு அன்றைய சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய காரியம் என்பது உடனே விளங்கியிருக்கும். உங்கள் ஆசிரியர் செய்தது சரி.

சொற்களுக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் ‘வொர்ரி’ பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதைக் குறித்த சொல். ‘ஆங்க்ஸைட்டி’யின் லத்தீன் மூலமும் மூச்சுமுட்டச் செய்வதையே குறிக்கிறது. இரண்டும் தொண்டையில் பிறந்தவை. லித்துவேனியச் சொற்கள் வேறு இடங்களில் பிறந்தவை என்பதால், ஒன்றுக்கு ஒன்று நேராக வைத்த பட்டியல் உங்களைக் கைவிட்டதில் வியப்பில்லை. ‘நெரிமஸ்’ என்பது அமைதி இல்லாமை. ‘நெ’ என்பது மறுப்பு, மீதியுள்ள வேர் அமைதியடைதலைக் குறிப்பது. நம் ‘அமைதியின்மை’யும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மருத்துவத்தில் பதற்ற நோய்க்கு வழங்கும் பெயரும் இந்தச் சொல்லிலிருந்தே வருகிறது. இன்னதென்று சுட்ட முடியாத தவிப்புக்கு இதைச் சொல்வார்கள். மகனைப் பற்றியோ பிழைப்பைப் பற்றியோ மனம் அலைபாய்ந்தால் அதற்கும் இதன் வினைச்சொல் வரும்.

‘ரூப்பெஸ்திஸ்’ வேறு வகை. அது பெரும்பாலும் ஓர் ஆளையோ ஒரு காரியத்தையோ பற்றிய கவலை. அக்கறையும் பொறுப்பும் அதனுள்ளேயே இருக்கின்றன. அதே வேரிலிருந்து வரும் ‘ரூப்பின்திஸ்’ என்ற வினைக்கு ஒருவரைக் கவனித்துக்கொள்வது, பராமரிப்பது என்று பொருள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும், நோயாளிக் கணவனைப் பார்த்துக்கொள்வதற்கும் அந்த ஊரில் அந்த வினை வரும். ஆகவே அந்த மூதாட்டி உங்களிடம் நோயைச் சொல்லவில்லை, தன் கடமையைச் சொன்னார். ‘பாய்மே’ என்பது பயம். இதில் உங்களுக்குக் குழப்பம் வராது. ‘யாவ்தின்திஸ்’ என்பது தேர்வுக்கு முன்னால், மேடையேறுவதற்கு முன்னால் வரும் படபடப்பு. நெகிழ்ந்துபோவதற்கும் அதையே சொல்வதுண்டு. ‘ஈத்தம்பா’ என்றால் இறுக்கம், நாம் டென்ஷன் என்பது. மின்சாரத்தின் வோல்டேஜுக்கும் அங்கே இதே சொல்தான் என்பதால், மின்னழுத்தம், மன அழுத்தம் என்று இரண்டையும் அழுத்தமாகவே வைத்திருக்கும் தமிழருக்கு இது மறக்காது.

வாக்கியத்தின் அமைப்பையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் கவலைப்படுகிற ‘நான்’ எழுவாயாக முன்னால் நிற்கிறது. லித்துவேனியர் ‘மன் நெராமு’ என்பார். ‘எனக்கு அமைதியில்லாமல் இருக்கிறது’ என்று பொருள். ‘மன் ரூப்பி’ என்றால் ‘எனக்கு அதில் அக்கறை’. ‘மன்’ என்பது ‘எனக்கு’. அவர்களுடைய வேற்றுமை ஏழில் ‘நௌதினின்கஸ்’ என்று பெயர் பெற்றது இது. நம் நான்காம் வேற்றுமை. ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற நீங்கள், இந்த வாக்கியங்களை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் படிப்பது வீண் வேலை. பட்டியலில் ஆங்கிலம் இருக்கும் வரிசையை அடித்துவிட்டுத் தமிழை எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மீதிக் குழப்பம் ஆட்களைத் தெரிந்துகொண்டால் தீரும். உங்கள் வார்டில் இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் சோவியத் ஆட்சியில் பள்ளிக்குப் போனவர்கள். 1990-இல் லித்துவேனியா விடுதலையை அறிவித்தபோது அவர்களுக்கு நடுவயது. அந்த ஆட்சியில் மனநல மருத்துவரிடம் பெயர் பதிவானால் வேலைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் ஆபத்து வரலாம். ஆட்சியை எதிர்த்தவர்களை மனநோயாளி என்று முத்திரை குத்தி அடைத்துவைத்ததும் நடந்தது. அப்படி வளர்ந்த ஒருவர் “எனக்குப் பதற்றமாக இருக்கிறது” என்று ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் எளிதில் வாய்திறந்து சொல்ல மாட்டார். நெஞ்சை அழுத்துகிறது என்பார். இல்லாவிட்டால் ‘விஸ்கஸ் கெராய்’, எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். நெஞ்சு என்று சொன்னால் முதலில் இசிஜி எடுத்து இதயத்தைப் பாருங்கள், தைராய்டையும் பாருங்கள். அதை உங்கள் ஆசிரியர்களே சொல்லியிருப்பார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிற மருத்துவராக நீங்கள் ஆகிவிடுவீர்களோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் இரவுதோறும் உங்கள் அம்மாவுக்கு நீங்கள் அனுப்புவதே அந்தப் பதில்தான். அதைச் சொல்லிப் பழகியவருக்கு, பிறர் அதைச் சொல்லும்போது சந்தேகமே வருவதில்லை.

‘நெசியாவ்தின்கிதெ’, அதாவது கவலைப்படாதீர்கள் என்ற சொல்லை நீங்கள் முதல் நாளே கற்றிருப்பீர்கள். அதைக் கொஞ்ச காலம் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பேச்சை நிறுத்துவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. “கஸ் யுஸ் நெராமினா?”, உங்களை அமைதியிழக்கச் செய்வது எது, என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு, “வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். மறுதேர்வுக்கு இந்த இரண்டு கேள்விகளும் உங்கள் பட்டியலைவிட உதவும்.

மூன்று மணி விழிப்பை ஏதோ படிப்பதற்குக் கிடைத்த சலுகைபோல எழுதியிருக்கிறீர்கள். நோயாளிகளுக்குக் கொடுக்கக் கற்றிருப்பீர்களே, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள், அதை உங்களுக்காக ஒரு முறை நேர்மையாக நிரப்புங்கள். மொத்தம் 21-இல் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். பிறருடைய பதற்றத்துக்குப் பெயர் தேடுகிறவர் தன்னுடையதற்குப் பெயர் வைக்க வெட்கப்படுவது இந்தத் தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் கோளாறு.

குடும்பத்தைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டாலும் கேளுங்கள். “அவர்கள் தாங்க மாட்டார்கள்” என்று பிள்ளைகள் சொல்வதைப் பல கடிதங்களில் பார்த்துவிட்டேன், எனக்கு அது பாசமாகப் படவில்லை. சொல்லும்போது தனக்கு வரும் சங்கடத்தைத் தாங்க முடியாதவர்கள்தாம் பெற்றோரின் நெஞ்சுரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட மனிதருக்குப் படிப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்; மறைப்பது அன்பின் பேரில் செய்யும் ஏமாற்று. உங்களைப் பற்றிக் கவலைப்படுவது உங்கள் அம்மாவின் வேலை, அதை அவர் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிறார், ஓர் ஏழு விநாடிப் பதிவைக் கொண்டு அந்த வேலையிலிருந்து அவரை நீக்க உங்களுக்கு அதிகாரமில்லை. நீங்கள் வசிக்கும் நாட்டின் 1992-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே, 38-ஆம் பிரிவில், பெற்றோரை மதிப்பதும் முதுமையில் அவர்களைப் பேணுவதும் பிள்ளைகளின் கடமை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சட்டத்தில் எழுதினால்தான் செய்வோம் என்பதில்லை. ஆனால் பெற்றோரிடம் பொய் சொல்லிக்கொண்டு அவர்களை எப்படி மதிப்பீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் கௌனஸ் நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் மூன்று மணிக்கு விழிக்கும்போது விருதுநகரில் ஆறரை. உங்கள் அம்மா எழுந்து வாசல் தெளித்து, அடுப்பும் பற்றவைத்திருப்பார். அடுத்த முறை விழித்தவுடன் பட்டியலை எடுக்காமல் அவரைக் கூப்பிடுங்கள், பதிவு வேண்டாம், பேசுங்கள். முதலில் அறைத்தோழி போய்விட்டாள் என்பதைச் சொல்லுங்கள், பிறகு தேர்வைச் சொல்லுங்கள், மறுதேர்வு எந்தத் தேதி, அதற்குக் கட்டணம் உண்டா, தவறினால் என்ன ஆகும் என்பதையும் மழுப்பாமல் சொல்லுங்கள். தூக்கம் கெடுவதையும் சொல்லுங்கள். அம்மா அழலாம். அழுதால் “கவலைப்படாதீங்க” என்று சொல்லி வாயை அடைக்காமல் அவர் முடிக்கும்வரை காத்திருந்து கேளுங்கள். அவருடைய ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் கடைசியாக எப்போது அளந்தார் என்பதையும் விசாரியுங்கள், மருத்துவம் படிக்கும் மகள் இதுவரை அதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். சித்தப்பா மூலமாகவோ அண்ணன் மூலமாகவோ பக்குவமாகச் சொல்லிவைக்கும் ஏற்பாடு எதுவும் வேண்டாம். வங்கியில் போய்க் கையெழுத்திட்டவர் அவர், அவருக்கு இந்தச் செய்தி உங்கள் வாயிலிருந்தே வர வேண்டும்.