தோட்டம் மகளுடையதா, உங்களுடையதா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சிறுவர் மன்றம் ஒன்றில் சேர்ந்து, காய்கறித் தோட்டத்தை இந்த ஆண்டு ப்ராஜெக்டாக எடுத்தாள். இரண்டே மாதத்தில் தண்ணீர் ஊற்றுவது முதல் பதிவு நோட்டு எழுதுவது வரை எல்லாம் என் தலையில் விழுந்துவிட்டது. மன்றத்திலிருந்து நிறுத்திவிடலாமா?

பதில்: மன்றத்தை நிறுத்தாதீர்கள், நீங்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். செடி வாடும். வாடட்டும்.

இப்படிப்பட்ட மன்றங்களில் பழமையான ஒன்று அமெரிக்காவின் ஃபோர்-எச் (4-H). 1902-இல் ஒஹாயோவில் அது முளைத்த காலத்தில், புதிய சாகுபடி முறைகளை நம்பப் பெரியவர்கள் தயங்கினார்கள். பிள்ளைகளோ சோளம் விதைத்து, மண்ணைச் சோதித்து, பார்த்ததை வீட்டில் வந்து சொன்னார்கள். அன்று பிள்ளை செய்ததைப் பார்த்து அப்பா கற்றுக்கொண்டார். உங்கள் வீட்டில் நடப்பது தலைகீழ்!

முதலில் அளவைக் குறையுங்கள். 12 வயதுக்கு ஒரு தோட்டம் அதிகம், இரண்டு தொட்டி போதும். எதைக் கைவிடுவது என்று அவளே முடிவு செய்யட்டும். பூச்சிமருந்து மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்து அந்த நோட்டு. பெரும்பாலான பெற்றோர் கோட்டை விடுவது இங்கேதான். "இன்று தண்ணீர் ஊற்றினேன்" என்று முப்பது நாள் அழகான கையெழுத்தில் இருந்தால் அதில் ஒன்றுமே இல்லை. "மூன்று நாள் மறந்துவிட்டேன். கீழ் இலை காய்ந்துவிட்டது. இனி பல் தேய்த்ததும் போய்ப் பார்ப்பேன்" என்று கோணல்மாணலாக எழுதியிருந்தால் அது தங்கம். செய்தது, கவனித்தது, மாற்றிக்கொண்டது மூன்றும் அதில் வந்துவிட்டன. பிழை திருத்தக்கூடப் பேனாவை எடுக்காதீர்கள். விதைக்கும் உரத்துக்கும் ஆன செலவையும் அவளே எழுதட்டும்.

"ஏன் ஊற்றவில்லை?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "நேற்றைக்கு இன்று இலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மன்றக் கண்காட்சியில் அவளுடைய தொட்டி மற்றவர்களுடையதைவிடச் சோனியாகத் தெரியலாம். பரவாயில்லை. நல்ல நடுவர் பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்பார், யார் வளர்த்த செடி என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒருவேளை தோட்டமே அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு ப்ராஜெக்டுக்கு மாறலாமா என்று மன்றப் பொறுப்பாளரிடம் கேட்கலாம். அந்தப் பேச்சையும் அவளே பேசட்டும், நீங்கள் வாசலில் காத்திருங்கள்.