மூவொரு கடவுளை நிரூபிக்கலாமா?

கேள்வி: கடவுள் இருப்பதை அறிவால் அறியலாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. அப்படியானால் மூவொரு கடவுளையும், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என்ற மூன்று ஆள்களாக இருக்கும் ஒரே கடவுளையும், தர்க்கத்தால் நிரூபிக்கலாமே?

பதில்: முடியாது, முயலவும் கூடாது. படைப்பிலிருந்து கடவுளை அறிவின் ஒளியால் உறுதியாக அறியலாம் என 1870-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது உண்மைதான். ஆனால் அந்த வழி விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது. படைத்தல் மூன்று ஆள்களுக்கும் பொதுவான செயல் என்பதால், அதிலிருந்து கடவுள் ஒருவரே என்பதுவரைதான் எட்டலாம் என்கிறார் 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ். மூவர் என்பது வெளிப்பாட்டால், அதாவது கடவுளே தம்மைப் பற்றி அறிவித்ததால் மட்டுமே தெரியவருவது. வலுவற்ற வாதத்தை நிரூபணமாக நீட்டினால், அதை நம்பித்தான் விசுவசிக்கிறோம் என்று பிறர் நகைப்பார்கள் எனவும் எச்சரிக்கிறார். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதையும் அவர் இதேபோல், நிரூபிக்க முடியாத, விசுவாசத்தால் மட்டுமே ஏற்கும் உண்மைகளின் வரிசையில் வைத்தது பலருக்கு வியப்பாக இருக்கும்!

தத்துவத்துக்கு இங்கே வேலை வேறு. 'மூன்றும் ஒன்றும் முரண்' என்பவரிடம், இயல்பில் ஒன்று, ஆள்களில் மூன்று, ஒரே அர்த்தத்தில் இரண்டையும் சொல்லவில்லை என்று காட்ட அது வேண்டும்.