எழுதுகிற சர்ஜன் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் அண்ணன் ஈரல் ஆபரேஷன் செய்துகொண்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் வீட்டுக்காரர்தான் காட்டினார்கள். எங்கள் வீட்டிலும் இப்போது அதே பேச்சு. அப்பச்சிக்கு வயது 67. பெருங்குடலில் கட்டி என்று எடுத்தார்கள். பக்கத்து நெறிக்கட்டியிலும் இருந்ததால் கீமோ கொடுத்தார்கள். பதினாறு மாதம் நன்றாகத்தான் இருந்தார்கள். இப்போது ஸ்கேனில் ஈரலில் இரண்டு இடத்தில் தெரிகிறது. பெரியது மூன்று சென்டிமீட்டர். புற்றுக்காகப் பார்க்கிற சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையில் 48. மதுரை டாக்டர், "நாலாம் கட்டம்தான், ஆனாலும் வெட்டி எடுக்க வழியிருக்கு" என்று சென்னையில் ஒரு சர்ஜனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்த சர்ஜனின் பெயரைத் தேடினால் ஈரல், கணையம், இரைப்பை என்று இருநூறு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகின்றன. எனக்கு அது தைரியமாக இருந்தது. தம்பியோ, "இவ்வளவு எழுதுறவரு எப்ப ஆச்சி கத்தியப் பிடிப்பாரு? நம்ம அப்பச்சி அவருக்கு இன்னொரு நம்பர், அவ்வளவுதான்" என்கிறான். ஈரலையே மாற்றிவிட்டால் என்ன என்றும் கேட்கிறான். போனில் கட்டுரை கட்டுரையாக வந்து விழுகிறது. பள்ளத்தூர் அம்மான் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்துவிடுகிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். எண் புரிகிறது. எதை நம்புவது என்றுதான் புரியவில்லை.

(பெயர் வேண்டாம்), தேவகோட்டை

*

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் டாக்டர் இல்லை. அண்ணனுக்காக இரண்டு வருடம் இந்தக் கட்டுரைகளோடு மல்லுக்கட்டியவன், அவ்வளவுதான். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்னதில் பாதி நியாயம். இருநூறு என்ற எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பும் கட்டுரைதான், ஆயிரம் பேரின் கணக்கும் கட்டுரைதான். துறைத்தலைவர் பெயர் கடைசியில் தானாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் 'நம்பர்' என்று அவர் சலித்துக்கொள்கிறாரே, அங்கேதான் எனக்குச் சண்டை.

என் ஐயா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போய் மேலாளாகத் திரும்பியவர். கடையிலிருந்து ஊருக்கு வருகிற ஐந்தொகையை அவர் எப்படிப் படிப்பார் தெரியுமா? லாபத்தைப் பார்க்கமாட்டார். வாராக்கடன் எங்கே என்றுதான் முதலில் விரலை ஓட்டுவார். அந்த இடம் காலியாக இருந்தால் "பய மறைக்கிறான்" என்று கணக்கை மூடிவிடுவார். சர்ஜன் எழுதுகிற கட்டுரையையும் அப்படித்தான் படிக்கவேண்டும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பச்சியின் நோய்க்கு நேராகப் பொருந்துவது. யூமன் ஃபாங் என்ற சர்ஜன் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தபோது 1999இல் வெளியிட்டது. கூட எழுதியவர்களில் லெஸ்லி ப்ளம்கார்ட்டும் ஒருவர். (தென்னாப்பிரிக்காவில் பல் டாக்டராக இருந்துவிட்டு, மறுபடி படித்து, ஈரலுக்கு வந்த மனிதர். பல்லிலிருந்து ஈரலுக்கு எப்படி மனசு போயிற்றோ!) குடல் புற்று ஈரலுக்குப் பரவி, அந்தப் பகுதியை வெட்டி எடுத்த 1,001 பேரின் கணக்கு அது. தலைப்பிலேயே 'தொடர்ச்சியான' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்குப் பிடித்த சொல் அதுதான். நன்றாக முடிந்தவர்களைப் பொறுக்கி எடுக்கவில்லை, ஈரலை வெட்டிய எல்லாரையும் வந்த வரிசையில் எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 37 சதவீதம். பத்து வருடம் தாண்டியவர்கள் 22 சதவீதம். 'நாலாம் கட்டம்' என்று கேட்டவுடன் வீட்டில் அழ ஆரம்பிப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். குடலிலிருந்து திரும்புகிற ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக ஈரலின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகவேண்டும். குடல் புற்று முதலில் அங்கே தங்குவதும் அதனால்தான். சிலருக்கு அங்கேயே நின்றும் விடுகிறது. அந்தச் சிலரில்தான் கத்திக்கு வேலை.

இப்போது ஐயா விரல் வைக்கும் இடம்: அறுவையால் இறந்தவர்கள் 2.8 சதவீதம். நீங்கள் கணக்கு டீச்சர், ஆயிரத்தொன்றில் எத்தனை என்று சொல்லவேண்டியதில்லை. அந்த இருபத்தெட்டுப் பேரை எழுதியதால்தான் 37ஐ நம்பமுடிகிறது.

அதே கட்டுரை ஐந்து கேள்விகளுக்குத் தலா ஒரு மதிப்பெண் போடுகிறது. நெறிக்கட்டியில் இருந்ததா, முதல் கட்டிக்கும் ஈரலில் தெரிந்ததற்கும் இடையே பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவா, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டியா, பெரியது ஐந்து சென்டிமீட்டருக்கு மேலா, சி.இ.ஏ. 200க்கு மேலா. அப்பச்சிக்குக் கூட்டினால் இரண்டு வரும். இரண்டு வரை பலன் நன்றாக இருக்க வாய்ப்புண்டு என்கிறார்கள். கூட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் நானே சொல்லிவிட்டேன். ஆனால் அது 1985க்கும் 1998க்கும் இடையில் ஆபரேஷனுக்குப் படுத்தவர்களின் கணக்கு. மருந்தும் ஸ்கேனும் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன. இன்னொன்று, வெட்டமுடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த 1,001இல் இல்லவே இல்லை.

தம்பிக்கு இன்னொரு உதாரணம். பெர்னார்ட் நோர்த்லாஞ்சே என்ற பிரெஞ்சு சர்ஜன். இதே நோய்க்கு, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கீமோ கொடுத்தால் நல்லதா என்று 364 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 2008இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டபோது, கீமோ எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது தள்ளிப்போகிறது என்று தெரிந்தது. பல இடங்களில் அதைப் பின்பற்றினார்கள். ஐந்து வருடம் கழித்து அதே ஆட்களின் கணக்கைத் திரும்ப எடுத்தார். ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் கீமோ பக்கம் 51.2 சதவீதம், வெறும் அறுவையின் பக்கம் 47.8. உயிர் பிழைப்பதில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்று 2013இல் அதையும் அச்சிட்டார். தான் போட்ட மாலையைத் தானே கழற்றுகிற காரியம். கட்டுரை எழுதாத சர்ஜனுக்கு இப்படி ஒரு நாள் வரவே வராது.

எங்கள் அண்ணனை முதலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். "என் கையில ஒரு கேஸும் கெட்டதில்ல" என்றார் அந்த டாக்டர். எனக்குக் கும்பிடவேண்டும் போல இருந்தது. அண்ணன்தான், கிட்டங்கிக் கணக்கு பார்த்த மனிதர், "வேற எடம் பாப்போம்டா" என்று எழுந்துவிட்டார். அடுத்தவர் மருந்துக்கடை ரசீதைத் திருப்பிப்போட்டு, பால்பாயின்ட் பேனாவால் ஈரலை வரைந்து எட்டாகப் பிரித்தார். பாரிஸில் குய்னோ என்ற சர்ஜன் ஈரல்களை வார்ப்பெடுத்துப் பார்த்து 1957இல் போட்டுவைத்த வரைபடம் அது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த எட்டுப் பாகம்தான். ஆறு, ஏழு என்று இரண்டைக் கோடுபோட்டு நிரப்பினார். "இதை எடுக்கணும். இந்தச் சிரைக்குப் பக்கத்துல போகணும். இந்த மாதிரி எடத்துல என் கையில மூணு பேர் போயிருக்காங்க" என்றார். பேனா அந்த இடத்திலேயே நின்றது. அண்ணன் ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேதி கேட்டார்.

அண்ணன் அதன்பிறகு ஐந்து வருடம் இருந்தார். அதில் ஒரு வருடம் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. கடைசியில் நுரையீரலில் வந்தது. இதையும் சொல்லாவிட்டால் நானும் வாராக்கடனை மறைத்தவனாகிவிடுவேன்.

ஈரல் மாற்று பற்றி: தம்பி அனுப்புவதில் பாதி வேறு நோய்க்கானது. ஈரலிலேயே பிறக்கிற புற்று வேறு, ஈரலுக்கு வந்து தங்குகிற புற்று வேறு. மிலான் நகரத்தில் மஸ்ஸஃபெர்ரோ என்ற சர்ஜன் 1996இல் 48 பேரை வைத்து, யாருக்கு ஈரல் மாற்றலாம் என்று வகுத்த அளவுகோல் முன்னதற்கு. குடலிலிருந்து வந்ததற்கு ஈரல் மாற்றுவதைப் பிரான்சின் ரெனே ஆடம் தலைமையில் 94 பேரிடம் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். மாற்றிக்கொள்ளும் பிரிவில் 56.6 சதவீதம் ஐந்து வருடம் இருந்தார்கள், கீமோ மட்டும் எடுத்த பிரிவில் 12.6. பிரமாதம்தான். ஆனால் அதில் இருந்தவர்கள் எல்லாம் வெட்டி எடுக்கவே முடியாதவர்கள், 65 வயதுக்கு உட்பட்டவர்கள். அப்பச்சி இரண்டிலும் சேரமாட்டார்கள்.

பள்ளத்தூர் அம்மானைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கீழாநெல்லிக்கும் ஒரு 'லான்செட்' கட்டுரை இருக்கிறது! சென்னையில் தியாகராஜன் குழுவினர் 1988இல் எழுதியது. ஹெபடைடிஸ் பி கிருமியை முதலில் கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய ப்ளம்பர்கும் அதில் ஒரு ஆசிரியர். அந்தக் கிருமியை உடம்பில் சுமந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்தார்கள்; 22 பேரிடம் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து போய்விட்டது. மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. நம் கொல்லைப்புறச் செடிக்கு அவ்வளவு பெரிய மேடை. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. அது கிருமிக்கான சோதனை, குடலிலிருந்து வந்த கட்டிக்கு அல்ல. கீமோ நடக்கும்போது ஈரல் ரத்தப் பரிசோதனையில் எண் ஏறினால், மருந்தாலா மோராலா என்று டாக்டர் குழம்புவார். அம்மானிடம் "டாக்டரைக் கேட்டுட்டுத் தர்றேன்" என்று சொல்லி வையுங்கள்.

சென்னை டாக்டரிடம் கட்டுரை எண்ணிக்கையைப் பற்றிப் பேசவேண்டாம். அப்பச்சி மாதிரி ஆளுக்குப் போன வருடம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், தொண்ணூறு நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேளுங்கள். வெட்டியபின் மிஞ்சுகிற ஈரல் எவ்வளவு என்றும் கேளுங்கள். நல்ல ஈரல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் வளர்ந்துவிடும். கீமோ பார்த்த ஈரலுக்கு முப்பது சதவீதமாவது வேண்டும் என்பார்கள். இருபத்தெட்டு என்றோ முப்பத்தைந்து என்றோ ஓர் எண் வாயில் வந்தால் அவர் ஸ்கேனை அளந்து பார்த்திருக்கிறார். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஸ்கேன் காகிதம் மட்டும் போதாது, சி.டி. தகட்டையும் எடுத்துப் போங்கள். முதல் ஆபரேஷனின் பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ எத்தனை சுற்று என்ற சீட்டு, மோர் உட்பட என்னென்ன குடிக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அப்பச்சியையும் உள்ளே உட்காரவையுங்கள். நாங்கள் அண்ணனை வெளியே பெஞ்சில் இருத்திவிட்டுத்தான் டாக்டரிடம் பேச்சை ஆரம்பித்தோம். மூன்றாவது நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கடைசி வரை நின்றுகொண்டிருந்தேன்.